குவாரியை ஒட்டிய பள்ளத்தில் வெள்ளம் எவ்வளவு ஏறும்? ஹெக்-ராஸ் மென்பொருள் ஒரு மதிப்பீடு

காங்கேயம், தாராபுரம், க.பரமத்தி வட்டாரங்களில் கல்குவாரிகளை ஒட்டி ஓடும் பள்ளங்களில் பெருமழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், அது எந்த மட்டம் வரை ஏறும் என்று கணக்கிட்டுத் தருவது என் தொழில். அந்த வேலைக்கு நான் தொடர்ந்து பயன்படுத்திவரும் ஹெக்-ராஸ் (HEC-RAS) மென்பொருளையும், அதற்குத் துணையாக, மழையிலிருந்து வெள்ளத்தைக் கணக்கிடும் ஹெக்-ஹெச்.எம்.எஸ். (HEC-HMS) மென்பொருளையும் நம் ஊர் நிலைமையில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடையின் ஆழத்தையும் வேகத்தையும் கணக்கிட, விலையில்லாமல் கிடைக்கும் கருவிகளில் ஹெக்-ராஸை விட நம்பகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால், எவ்வளவு வெள்ளம் வரும் என்ற கேள்விக்கு அதனிடம் தானாக விடை கிடையாது. அந்த எண்ணையோ, அதற்கு அடிப்படையான மழையையும் நிலத்தின் தன்மையையுமோ நாம்தான் கொடுக்க வேண்டும். நம் பகுதியில் தயாராகும் அறிக்கைகள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

இந்த மென்பொருளை உருவாக்கியது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கீழ், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இயங்கும் நீரியல் பொறியியல் மையம். முதல் பதிப்பு 1995-இல் வந்தது. ஓடையை நீளவாக்கில் மட்டும் பார்க்காமல், தண்ணீர் பக்கவாட்டில் பரவுவதையும் கணக்கிடும் இருபரிமாண வசதி 2016-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது. 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில், நிலப்பரப்பின் மேல் நேரடியாக மழையைப் பெய்வித்து, மண்ணுக்குள் இறங்கும் பங்கைக் கழித்துக்கொள்ளவும், மண்மேடு, குழி போன்ற மாற்றங்களைத் திரையிலேயே வரைந்து சேர்க்கவும் வழி வந்தது. குவாரி வேலைக்கு இந்தக் கடைசி வசதி மிகப் பெரிய உதவி. கழிவுக்கல் மேட்டை இப்போது திட்டமிட்ட இடத்தில் வைத்தால் என்ன ஆகும், முப்பது மீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று மீண்டும் அளவெடுக்கப் போகாமலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிறுவுவது எளிது; விண்டோஸ் கணினி வேண்டும். திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அளவு முறையை மெட்ரிக்குக்கு மாற்றுவது. இயல்பாக அது அடிக் கணக்கில்தான் இருக்கும்.

இனி வெள்ளத்தின் அளவு. 12 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஒரு பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். காங்கேயம் வட்டாரத்தில் இந்த அளவுப் பள்ளங்கள் சாதாரணம். நம் மாநிலத்தில் காலங்காலமாகக் கையாளப்படுவது ரைவ்ஸ் சூத்திரம். நீர்ப்பிடிப்பின் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு, ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று கிடைக்கும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் இருந்தால் கெழு 6.8, 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5; மலையடிவாரத்தை ஒட்டிய சில பகுதிகளுக்கு 10.2. நம் பள்ளத்துக்கு 8.5 போட்டால் ஏறத்தாழ 45 கனமீட்டர் வரும், அதாவது வினாடிக்கு 1,600 கன அடி, 10.2 போட்டால் 53 கனமீட்டரைத் தாண்டும். ஆனால் காங்கேயம் கடற்கரையிலிருந்து 160 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அது மலையடிவாரமும் அன்று. ஆகவே சூத்திரத்தின் எந்தக் கட்டத்திலும் நம் ஊர் சரியாகப் பொருந்தவில்லை. அப்படியிருந்தும் 8.5 என்ற எண்ணைக் காரணம் சொல்லாமல் போட்டு, அதிலிருந்து வந்த வெள்ளத்தை ஹெக்-ராஸில் கொடுத்து, இரண்டு தசம இடம் வரை ஆழம் எழுதிய அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மென்பொருள் தரும் வண்ணப்படத்தின் அழகு, உள்ளே போன எண்ணின் பலவீனத்தை மறைத்துவிடுகிறது.

எனவே வேறு ஒரு வழியிலும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இந்தப் பள்ளத்தின் நீளம் 6 கிலோமீட்டர், சரிவு ஆயிரத்துக்கு ஆறு என்று வைத்தால், தலைமாட்டில் விழுந்த மழை குவாரி வரை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஆக, நமக்கு வேண்டியது இரண்டு மணி நேர மழையின் அளவு. கிடைப்பதோ, காலை 8.30-க்கு ஒருமுறை பார்க்கும் ஒருநாள் மழையின் அளவு. ஒருநாள் மழையைக் குறுகிய நேரத்துக்கு மாற்ற இந்திய வானிலைத் துறையின் மூன்றிலொரு அடுக்கு விதி இருக்கிறது. அதன்படி, நாளுக்கு 150 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 65 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். மணிக்கு ஏறத்தாழ 33. பெய்ததில் பத்தில் நான்கு பங்கு ஓடும் என்று வைத்தால் 44 கனமீட்டர். ஆறு பங்கு என்று வைத்தால் 65 கனமீட்டர். முதல் எண் ரைவ்ஸ் சூத்திரத்தோடு ஒத்துப்போவதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. நான்கா, ஆறா என்பதை முடிவு செய்வது நிலம்தான்.

அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெக்-ஹெச்.எம்.எஸ்.-இல் வரும் ஓடுநீர் வளைவு எண்ணின் (பெய்த மழையில் எவ்வளவு ஓடும் என்பதைக் காட்டும் எண்; அது கூடினால் ஓட்டமும் கூடும்) அட்டவணைகள் நம் நிலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல் நிறைந்து, வெள்வேல மரங்கள் நிற்கும் ஒரு கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், முதல் மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அதே காடு மேய்ந்து தேய்ந்து, மேல்மண் இறுகி, சுண்ணாம்புக்கல் தெரியும் நிலையில் இருந்தால் தண்ணீர் நிற்காது. 150 மில்லிமீட்டர் மழைக்கு வளைவு எண் 75 என்றால் 81 மில்லிமீட்டர் ஓடும். 85 என்றால் 107 மில்லிமீட்டர் ஓடும். பத்துப் புள்ளி வேறுபாடு வெள்ளத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிடுகிறது. இதை அலுவலகத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கோடையில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் நடந்து பார்க்க வேண்டும். இடையில் இருக்கும் குளம் குட்டைகளும் கணக்கில் வர வேண்டும். வறண்ட குட்டைகள் முதல் மழையைப் பிடித்துக்கொண்டு குவாரியைக் காப்பாற்றும். நிரம்பியிருந்தால் அடுத்த மழை முழுவதும் மறுகால் பாய்ந்து கீழே வரும். ஹெக்-ஹெச்.எம்.எஸ்.-இல் ஒவ்வொரு குட்டையையும் தனித்தனியாகச் சேர்த்து, காலியாகவும் நிறைவாகவும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அந்த ஒரு வசதிக்காகவே அதைப் பரிந்துரைப்பேன்.

மழை குறைந்த ஊர்தானே, ஆண்டுக்கு ஏறத்தாழ 600, 700 மில்லிமீட்டர்தானே என்று குவாரி உரிமையாளர்கள் கேட்பதுண்டு. ஆண்டு மழைக்கும் ஒரு மாலை மழைக்கும் தொடர்பு குறைவு. 2011 நவம்பரில் திருப்பூரில் சங்கிலிப்பள்ளம் பெருக்கெடுத்து உயிர்களைக் கொண்டுபோனது. அதுவும் இதே மழைமறைவுப் பகுதியில் இருக்கும் பள்ளம்தான். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்பது ஐந்தாண்டுக் குத்தகைக் காலத்துக்குள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. அதை வைத்து, சிறிய வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டால் போதும் என்று வாதிடுகிறார்கள். ஆனால் பாறைக்குழி குத்தகையோடு மூடிக்கொள்வதில்லை. அந்தக் குழியும் கழிவுக்கல் மேடும் முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தால் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தாறாக ஏறிவிடுகிறது. நான் நூறாண்டு வெள்ளத்துக்குக் குறைந்து எந்த மேட்டுக்கும் மட்டம் குறித்துக் கொடுப்பதில்லை.

ஆழத்துக்கு வருவோம்; ஹெக்-ராஸின் பலம் இங்கேதான். மேலே சொன்ன பள்ளத்தின் அடி அகலம் 6 மீட்டர், கரைகள் ஒரு மீட்டர் ஏற ஒன்றரை மீட்டர் சாய்பவை, குவாரி அருகே சரிவு இருநூற்றுக்கு ஒன்று என்று கொள்வோம். 45 கனமீட்டர் வெள்ளத்துக்கு, கல்லும் புல்லும் கலந்த சாதாரண ஓடை என்று, ஓடை தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் மேனிங் எண்ணை 0.035 என்று கொடுத்தால் ஆழம் 2 மீட்டர், வேகம் வினாடிக்கு இரண்டரை மீட்டர். அதே பள்ளத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது என்று 0.07 கொடுத்தால் ஆழம் 2.9 மீட்டர் ஆகிறது, வேகம் ஒன்றரை மீட்டராகக் குறைகிறது. இது கையாலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு. மென்பொருளும் இதையேதான் தரும். வெள்ளத்தின் அளவு மாறவில்லை, பள்ளத்தின் வடிவம் மாறவில்லை. முள் மட்டும் மாறியது, தண்ணீர் 90 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. குழியின் வாய் மட்டத்துக்கும் வெள்ள மட்டத்துக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறோம் என்று பெருமையாக எழுதும் அறிக்கைகளில், அந்த ஒரு மீட்டரை முள்ளே தின்றுவிடும்.

இதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஆழத்துக்கு முள் அடர்ந்த நிலையையும், வேகத்துக்கு முள் வெட்டிச் சுத்தம் செய்த நிலையையும் தனித்தனியாக ஓட்டுகிறேன். பொக்லைன் விட்டு முள்ளை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது தவறு. மட்டம் இறங்கும், ஆனால் இரண்டரை மீட்டர் வேகத் தண்ணீர் கழிவுக்கல் மேட்டின் அடியை அரிக்கத் தொடங்கும். அடி அரிந்தால் மேடு சரிந்து பள்ளத்தையே அடைத்துவிடும். இரண்டு நிலைகளையும் ஒரே கோப்புக்குள் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து ஓட்டி, குறுக்குவெட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பார்க்க ஹெக்-ராஸ் வழி செய்கிறது. இந்த ஒப்பீட்டில்தான் அது தன் மதிப்பைக் காட்டுகிறது. தனி எண் ஒன்றைக் கேட்டால் அதில் பிழை இருக்கலாம். மேடு இல்லாதபோது எவ்வளவு, மேடு வந்த பின் எவ்வளவு என்று வேறுபாட்டைக் கேட்டால், விடையை அதிக நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டின் பாதிப்பு எங்கே விழுகிறது என்பது முக்கியம். நம் பள்ளங்களில் ஓட்டம் பெரும்பாலும் மெதுவான வகை. அப்படிப்பட்ட ஓட்டத்தில் ஓடையைக் குறுக்கினால் தண்ணீர் ஏறுவது குறுக்கிய இடத்துக்கு மேலே, கீழே அல்ல. குவாரிக்கு மேற்புறம் தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் கிணற்றுத் திட்டு மூழ்கும். ஆகவே குறுக்குவெட்டுகள் குவாரி எல்லையோடு நின்றுவிடக் கூடாது. மேலே தோப்பைத் தாண்டிப் போக வேண்டும். கீழ்ப்புறமும் தரைப்பாலத்தைத் தாண்டி நீள வேண்டும். தரைப்பாலத்தை விட்டுவிட்டு ஓட்டிய கணினி மாதிரிகளை நான் ஏற்பதில்லை. மூன்று அடிக் குழாய் மூன்று போட்ட ஒரு தரைப்பாலம் ஆறேழு கனமீட்டருக்கு மேல் தள்ளாது. 45 கனமீட்டர் வரும்போது மீதி எல்லாம் பாலத்தின் மேல் ஏறித்தான் போகும்; அந்த ஏற்றம் பின்னால் குவாரி வரை தேங்கி நிற்கும். பாலத்தையும் குழாய்களையும் சேர்க்கும் பகுதி ஹெக்-ராஸில் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. குழாயின் விட்டம், அடிமட்டம், வாயின் அமைப்பு எல்லாம் கேட்கும். குழாய் பாதி மண் மூடியிருந்தால் அதையும் சொல்லலாம். நம் தரைப்பாலங்களுக்கு அது மிகவும் தேவை.

அடுத்து, நில மட்டம். பலர் ஹெக்-ராஸைக் குறை சொல்வதற்குக் காரணம் மென்பொருள் அன்று, அதில் போட்ட செயற்கைக்கோள் மட்டம். 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவும், இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து வந்த கார்ட்டோடெம் தரவும் இலவசமாகக் கிடைக்கின்றன; நாம் பெறுவது பொதுவாக 30 மீட்டருக்கு ஒரு மட்டம். அடி அகலம் 6 மீட்டர், ஆழம் 2 மீட்டர் உள்ள பள்ளம் அந்தக் கட்டத்துக்குள் காணாமலே போய்விடும். அவற்றின் மட்டப் பிழையே சில மீட்டர்கள் இருக்கும்போது, அதை வைத்து 90 சென்டிமீட்டர் ஏற்றத்தைப் பேசுவதில் பொருள் இல்லை. போதாக்குறைக்கு, 2000-க்குப் பின் தோண்டிய குழி எதுவும் எஸ்.ஆர்.டி.எம்.-இல் கிடையாது, இன்று நூறடிப் பாறைக்குழி இருக்கும் இடத்தை அது மேட்டு நிலமாகக் காட்டும். நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைய மட்டும் இந்தத் தரவுகளைப் பயன்படுத்துங்கள். பள்ளத்துக்கு டோட்டல் ஸ்டேஷன் அளவைக் கருவி வைத்துக் குறுக்குவெட்டு எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ட்ரோன் படத்திலிருந்து மட்டம் எடுக்கலாமே என்பார்கள். திறந்த காட்டுக்கும் குழிக்கும் அது நன்றாக இருக்கும். சீமைக்கருவேலம் மூடிய பள்ளத்தில் ட்ரோன் பார்ப்பது முள்ளின் தலையைத்தான், தரையை அன்று. ஆளை விட்டுக் கோட்டில் முள் வெட்டி, தரையில் கோல் ஊன்றித்தான் அளக்க வேண்டும். கூலி கொடுக்கத் தயங்கும் உரிமையாளருக்கு, மொத்த ஆய்விலும் பயன் தரும் செலவு இதுதான் என்று சொல்லிப் புரியவைப்பது என் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

இருபரிமாண வசதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தண்ணீர் கரையை விட்டு வெளியேறிக் காட்டுக்குள் பரவி, குழியின் எந்தப் பக்கம் வந்து விழும் என்று பார்க்க அதை விடச் சிறந்த வழி இல்லை. ஆனால் மென்பொருள் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் ஓரங்களில் மட்டும் தண்ணீரை நிறுத்தும் அல்லது விடும். குழியைச் சுற்றி நாம் போட்ட மண்கரை கட்டத்தின் நடுவே போனால், கரை இருப்பதே அதற்குத் தெரியாமல் தண்ணீர் ஊடுருவிப் போனதாகக் காட்டிவிடும். கரை, வரப்பு, வண்டிப்பாதை மேடு ஆகிய ஒவ்வொன்றின் தலைமேலும் முறிகோடு (breakline) வரைந்து, கட்டங்களின் ஓரங்களை அதன்மேல் வந்து உட்காரச் செய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, தவிர்க்க முடியாதது. கரை போட்டும் குழிக்குள் தண்ணீர் வருகிறது என்று மாதிரி சொன்னால், கரையைக் கூட்டும் முன் முறிகோட்டைப் பாருங்கள்.

மென்பொருளுக்குத் தெரியாத ஒன்று கிளுவை வேலி. பெருவெள்ளத்தில் ஓலை, சருகு, முள் எல்லாம் வேலியில் சிக்கி, வேலியே ஓர் அணை போல் நின்று, திடீரென்று சாயும். இதை எந்த மேனிங் எண்ணும் சொல்லாது. ஆனால் அந்தச் சருகுதான் நமக்குச் சாட்சியும் ஆகிறது. வேலிக்காலில் காய்ந்து ஒட்டிய சருகின் மட்டம், பனையில் படிந்த வண்டல் கோடு, தரைப்பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கறை நின்ற உயரம் ஆகியவற்றை லெவல் கருவி வைத்து எடுத்து, அந்த மழைக்கு மாதிரியை ஓட்டி, இரண்டும் பொருந்தும் வரை மேனிங் எண்ணைத் திருத்த வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் கோயில் திண்டைக் காட்டி, “ரெண்டாம் படி முங்கிப் போச்சுங்க தம்பி, மூணாம் படிக்கு வர்லீங்க” என்று சொன்ன மட்டம், என் கணக்கில் வந்த மட்டத்தை விட ஒன்றரை அடி மேலே இருந்தது. பள்ளத்தின் முள்ளுக்கு உரிய எண்ணை உயர்த்தியதும் இரண்டும் நெருங்கின. ஓட்ட அளவீடு இல்லாத பள்ளங்களில் இதை விட நல்ல சரிபார்ப்பு கிடைக்காது.

கற்றுக்கொள்ள, மையமே வெளியிடும் கையேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்து தெளிவாக இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். வெளியாருக்கு நேரடி உதவி கிடையாது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. ஒற்றைப்பரிமாண மாதிரியைச் சாதாரண மடிக்கணினியே நொடிகளில் முடித்துவிடும். நெருக்கமான கட்டங்களோடு கூடிய இருபரிமாண மாதிரிக்கு நல்ல கணினியும் காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். ஓட்டி முடித்ததும் வரும் எச்சரிக்கைப் பட்டியலைப் படிக்காமல் விடாதீர்கள். குறுக்குவெட்டுகள் போதவில்லை என்று அது சொன்னால், பெரும்பாலும் உண்மையிலேயே போதவில்லை.

குவாரி உரிமையாளராகவோ, பக்கத்துக் காட்டுக்காரராகவோ, ஊராட்சி சார்பிலோ இப்படிப்பட்ட அறிக்கையை வாங்குபவர்கள் அச்சிட்ட தாளோடு நின்றுவிட வேண்டாம். ஹெக்-ராஸின் முழுக் கோப்புறையையும் கேட்டு வாங்குங்கள். மென்பொருள் இலவசம் என்பதால் வேறு எந்தப் பொறியாளரும் அதைத் திறந்து பார்த்துவிடலாம். குறுக்குவெட்டு எந்தத் தேதியில், யார் எடுத்தது, மேனிங் எண் பள்ளத்துக்கும் கரைக்கும் தனித்தனியாக என்ன, வெள்ளத்தின் அளவு எத்தனை வழிகளில் கணக்கிடப்பட்டது, தரைப்பாலம் மாதிரிக்குள் இருக்கிறதா, எந்த வெள்ளக் குறியோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தக் கோப்புறையிலும், கூடவே வரும் அளவைப் புத்தகத்திலும் விடை இருக்க வேண்டும். கோப்புறையைத் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.